ஏழாவது உறை

எதிரே பேசுகிறவரின் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், மைக் அண்ணனின் வலது கை ஆட்காட்டி விரல் மேசைமேல் மெல்லக் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிவிடும். மேசை இல்லையென்றால் தொடைமேல். அதுவும் வசதிப்படாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரின் முதுகானாலும் சரி. கூட்ட அரங்குகளில் சவுண்டு மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களின் சத்தத்தை ஒரு குமிழை இழுத்து இழுத்தே குறைத்துப் பழகிய விரல் அது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

"என்னைக் கொறைக்காதீங்க" என்பார் அவர் மனைவி, பேச்சைப் பாதியில் நிறுத்தி. "நான் ஒண்ணும் உங்க மேடைல நின்னு பேசல."

"இல்லம்மா, சும்மா கை..." என்று அசடு வழிந்து, விரலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அங்கேயும் அது சும்மா இருக்காது. அவருடைய எல்லாச் சட்டைகளிலும் பைத் தையல் ஒரு பக்கம் பிரிந்திருக்கும்.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர். மூன்றாவது மாடியில் அவர் வீடு, அதற்கு நேர் கீழே என் வீடு. அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் என்பதால், பகல் முழுவதும் அந்த மனிதர் நடப்பதை என் கூரையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்குப் போவார், திரும்புவார், சமையலறைக்குப் போவார், அங்கே எதையோ ஒரு தட்டுத் தட்டுவார், திரும்புவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் சக்கரத்துக்கு எண்ணெயும் போட்டுக்கொள்கிறவர்.

உட்காருவது என்பது அவருக்கு ஒரு வேலை. அவர் வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, துண்டு காயப்போடத்தான் அது பயன்படுகிறது. தப்பித்தவறி உட்கார்ந்துவிட்டால் முழங்கால் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் மேசைமேல் இருக்கும் டீ கிளாஸ் சாஸருடன் உரசிக் கிணுகிணுக்கும். உடனே முகம் மாறும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கிளாஸைப் பார்ப்பார். மறுபடி ஆட்டுவார், இந்தத் தடவை வேறு வேகத்தில். நாம் சொல்லிக்கொண்டிருந்த கதை அங்கேயே அம்போ என்று நிற்கும்.

சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பார்ப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டில், ஒலிபெருக்கி இரைகிறது என்று ஒயரைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தவர். அந்த வீட்டுக்காரர்கள் இவரைக் கூலிக்கு வந்தவர் என்று நினைத்து, சாப்பிட்டாரா என்று பின்கட்டில் விசாரித்திருக்கிறார்கள்.

அவருடைய எதிர்வீட்டில் ஓர் இன்ஷூரன்ஸ்காரர் இருக்கிறார். சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. கதவை மூன்று தட்டுத் தட்டுவார், வேகமாக. இரண்டாவது தட்டு விழும்போதே மைக் அண்ணன் எதை ஓடவிட்டிருந்தாலும் குறைத்திருப்பார். பல சமயம் எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தத்துக்கே குறைத்துவிடுவார். "யாரு வந்து சொன்னாலும் கொறைச்சிருவேன் தங்கச்சி. நம்ம பொழப்பே அதானே" என்பார் என்னிடம்.

அவர் செய்கிற இசையைப் பற்றிச் சொல்லாமல் இனி நகர முடியாது. இசை என்பது அவருடைய சொல். நான் முதன்முதலில் அதைக் கேட்டபோது, மேலே தண்ணீர் மோட்டாரை யாரோ உள்ளே வைத்து ரிப்பேர் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் பொறுமை தீர்ந்து, படியேறிப்போய்ச் சண்டைக்கு நின்றேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குக் கை நடுங்குமா?" என்றார்.

"நடுங்காது. கோவத்துல இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. கோவத்துல இருக்கறவங்க மூலைய ஒழுங்கா ஒட்டுவாங்க. உள்ள வாங்க." கையில் ஒரு பசைத் தூரிகையைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நான் ஒன்பது அட்டைப் பெட்டி ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எதற்காகப் போனேன் என்பது இரவுச் சாப்பாட்டின்போதுதான் ஞாபகம் வந்தது.

இசை இதுதான். அவருக்கு முன்னால் ஓர் இரும்புத் தட்டு. அதில் பேனா ஸ்பிரிங்கிலிருந்து சோபா ஸ்பிரிங் வரை நாலைந்து ஸ்பிரிங்குகள் திருகப்பட்டிருக்கும். தட்டின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக். ஸ்பிரிங்கை விரலால் தொட்டால் ஸ்பீக்கரில் இடி இறங்கும். எதிர் மேசையில் இன்னொருவர், இரண்டு தையல் மெஷின் மோட்டார்களும் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ஒரு ரேடியோவும் வைத்துக்கொண்டு. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, எதை வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்வதும் கிடையாது. வாசிக்கும்போது ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவும் கூடாதாம். "பாத்தா மூஞ்சிக்கு வாசிக்க ஆரம்பிச்சிருவோம். காதுக்கு வாசிக்கணும்" என்பார். கேட்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் ஏசிக்காக வந்தவர்கள் என்பது அவர் மனைவியின் கணிப்பு. அந்த அம்மா கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறார். ஆட்களை எடைபோடுவதில் தவறமாட்டார்.

எதிர் மேசைக்காரர் அந்த அம்மாவின் தம்பி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக், அதனால் எங்களுக்கு அவர் மெஷின் தம்பி. இருபது வருடம் அத்தானும் மச்சினனும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் வாசித்திருக்கிறார்கள். அத்தனை கச்சேரியையும் மைக் அண்ணன் பதிவுசெய்து வைத்திருக்கிறார். அவற்றில் ஏழு கச்சேரிகளைப் பொறுக்கியெடுத்து ஏழு சிடி ஆக்கி, கையால் செய்த ஒரு பெட்டியில் போட்டு விற்கப்போகிறார். மொத்தம் நூறு பெட்டிதான். அதற்குமேல் ஒன்றுகூடச் செய்யமாட்டார்.

"யாரு வாங்குவா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. உலகம் பூரா தேடினா நூறு கிறுக்கு தேறாதா?"

தேறியிருக்கிறது. எங்கெங்கோ இருந்தெல்லாம் பெட்டிக்கு முன்பதிவு செய்திருக்கிறார்கள். தனக்கு ஒன்றாம் எண் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மட்டும் பதினோரு பேர். ஒருவர் சிடியைக் கேட்கவே போவதில்லையாம், பிரிக்காமல் அலமாரியில் வைத்துக்கொள்வாராம். அதைப் படித்து மைக் அண்ணன் சந்தோஷப்பட்டார். "பாருங்க, சத்தமே இல்லாம நம்மளக் கேக்கறவன் இருக்கான்."

ஒவ்வொரு பெட்டியிலும் கச்சேரிகளில் உபயோகித்த பழைய ஒயரிலிருந்து ஒரு விரற்கடைத் துண்டு வைக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. உட்கார்ந்து நறுக்கினார், நின்று நறுக்கினார், போனில் பேசிக்கொண்டே நறுக்கினார். தொண்ணூற்றுச் சொச்சம் துண்டு வந்ததும் ஒயர் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அந்த அம்மா மருத்துவமனைச் சீருடையை விரித்துப்போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தபோது அதற்கு வால் இல்லை.

"இதையும் கச்சேரில வாசிச்சீங்களா?"

"ஒரே ஒரு தடவ" என்றார் அவர். அது பொய் என்பது அவர் முழங்காலிலேயே தெரிந்தது.

பெட்டிகள் தயாராகி, கூடத்துச் சுவரோரமாகக் கூரை வரைக்கும் அடுக்கப்பட்டுவிட்டன. கறுப்பு அட்டை, உள்ளே துணியில் தைத்த ஏழு உறை. ஆறு உறையில் ஆறு சிடி. ஏழாவது உறை, நூறு பெட்டியிலும் காலி. மாதங்கள் ஓடின. எப்போது வரும், எப்போது வரும் என்று வெளியூர்க் கிறுக்குகள் நச்சரித்தார்கள். நடப்பதற்குக் கூடத்தில் ஒரு சந்துதான் மிச்சம் இருந்தது. அதில் அவர் ஒருக்களித்து நடந்தார்.

"ஆறோட அனுப்பிடுங்களேன் அண்ணே" என்றேன் ஒருநாள், பிரிந்துவிட்ட மூடி ஒன்றை மறுபடி ஒட்டிக்கொண்டே. எனக்கும் அலுத்துவிட்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பசைத் தூரிகையைக் கீழே வைத்தேன். "ஏழாவது என் மச்சினனோடது தங்கச்சி. அத எடுத்துட்டு அனுப்புனா, அன்னைக்கு பண்ணத நான் நூறு தடவ பண்ண மாதிரி" என்றார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மச்சினன் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை, அக்காவும் தம்பியும் தொழிற்சாலை வாசலில் மதிய இடைவேளையில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். மைக் அண்ணன் என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, நின்றுகொண்டே சொன்னார்.

மைக் வேலை பார்க்கிறவர்களுக்கு ஜென்மப் பகை என்று ஒன்று உண்டு. எர்த் சரியில்லாவிட்டாலோ ஒயர் தேய்ந்திருந்தாலோ ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். ஹம் என்பார்கள். மேடையில் எவ்வளவு பெரிய மனிதர் பேசிக்கொண்டிருந்தாலும் ஹம் வந்துவிட்டால் கூட்டம் சவுண்டுக்காரரைத்தான் திரும்பிப் பார்க்கும். இருவரும் சேர்ந்து வாசித்த கடைசிக் கச்சேரியின் நடுவில் ஹம் வந்தது. இவர் தன் ஸ்பிரிங்கை வாசித்துக்கொண்டே, பக்கத்திலிருந்த மிக்ஸரில் எந்த மைக்கிலிருந்து வருகிறது என்று பார்த்தார். மச்சினனுடைய மைக். குமிழைக் கீழே இழுத்துவிட்டார்.

"யோசிக்கவே இல்ல. கை போயிருச்சு."

அது ஹம் இல்லை. மச்சினன் வாசித்துக்கொண்டிருந்தார்.

மெஷின் தம்பி வேலை பார்க்கும் கூடத்தில் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடும். கரண்ட் போனால் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். நிற்கும்போதுதான், இத்தனை நேரம் எப்பேர்ப்பட்ட சத்தத்துக்குள் இருந்தோம் என்பது தெரியுமாம். அதை அந்த அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தர நினைத்திருக்கிறார். மோட்டாரிலிருந்து இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எல்லாருக்கும் பழகிப்போகும் வரை நிறுத்திவைத்து, பிறகு ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அவர் ஏற்றினார், நிறுத்தினார், வெட்டினார். ஆனால் அதற்கு முன்பே அத்தான் அதை அடைத்துவிட்டதால் அரங்கத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார்.

கச்சேரி முடிந்ததும் மெஷின் தம்பி மோட்டார்களைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாராம். "இருவது வருஷம் என்கூட வாசிச்சிட்டு, கடைசில என்னை கரண்டு கோளாறுன்னு நெனச்சிட்டீங்கல்ல."

நம்மவர் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஹம் வந்தா கொறைக்காம மாலை போடுவாங்களா? ஹால்காரன் என்னைத்தான கேப்பான்?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அதோடு சரி.

நான் கோபப்பட்டேன். "மன்னிப்புக் கேக்கறதுக்கு என்ன?"

"என் மேல தப்புன்னு தெரிஞ்சாத்தான கேப்பேன்? அப்ப எனக்குத் தெரியாதே." முழங்கால் நின்றுகொண்டே ஆடியது. ரெக்கார்டர் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். மிக்ஸரில் ஏற்றுவதும் இறக்குவதும் அதற்குத் தெரியாது. பெட்டிக்காகப் பழைய பதிவுகளைத் தோண்டும்போது, மச்சினனுடைய மைக்கை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறார். எதற்கென்றால், இதோ பார் உன் ஒயரில் கோளாறு என்று நிரூபிப்பதற்காக. "மூக்கறுக்கணும்னுதான் எடுத்தேன். கேட்டா..." என்றவர் முடிக்காமல் பட்டனை அழுத்தினார்.

காதுக்குள் இரைச்சல் வந்தது. எரிச்சலாக இருந்தது, பிறகு எரிச்சல் போய்விட்டது, பிறகு இரைச்சலே போய்விட்டது போலிருந்தது. சுவரில் நீர்க்கசிவு எந்த உருவத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அது நின்றது. நின்றதும் என் உடம்பே ஒரு படி இறங்கியது. நான் அத்தனை நேரம் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"கேட்டுச்சா?"

"நின்னது கேட்டுச்சு."

"ஆமா, நின்னதுதான். அன்னைக்கு அத ஒருத்தரும் கேக்கல. நான் கேக்க விடல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், சமையலறைக்குப் போனார்.

அந்தப் பதிவைக் கேட்டபிறகு மச்சினனுக்குப் போன் செய்திருக்கிறார். பெயரைப் பார்த்ததும் அவர் துண்டித்துவிடுகிறார். அக்காவிடம் சிடியைக் கொடுத்தனுப்பினார். அது பிரிக்காமலே திரும்பி வந்தது. "அத ஓட்ட என்கிட்ட மெஷின் இல்ல. இப்பல்லாம் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி பெட்டி வியாபாரத்துக்கே வேட்டு வைக்கிற கேள்வி. ஆனால் மைக் அண்ணனுக்கு அது உறைக்கவில்லை.

"போன்ல அனுப்பிடுங்க" என்றேன்.

"போன்ல அந்த அடிச்சத்தம் வருமா? கொசு கத்தற மாதிரி இருக்கும். அவன் வாசிச்சத ரெண்டாவது தடவையும் கெடுக்கச் சொல்றீங்களா?" என்று சீறினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். தன் குரல் ஏறியதைக் கேட்டு அவர் விரலே பயந்து போய் மேசையில் இறங்கியது. "அவன் இங்க வரணும். இந்த ஸ்பீக்கர்ல கேக்கணும். போடலாம்னு அவன் சொன்னாத்தான் அது உறைக்குள்ள போகும். இல்லேன்னா பெட்டி இப்படியே கெடக்கட்டும்."

நூறு பெட்டியும் ஒரு தம்பியும் ஒரே கதவுக்கு உள்ளிலும் வெளியிலுமாகக் கிடப்பதை எத்தனை நாள்தான் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டார். "மெஷின் மக்கர் பண்ணுதுடா. ஊசி நிக்கவே மாட்டேங்குது. சீருடைய தச்சாகணும்." மனுஷனோடு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஓடாத தையல் மெஷின் ஒன்று கிடக்கிறது என்று தெரிந்தபின் ஒரு மெக்கானிக்கால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

மதியம் வந்தார். ஒல்லியான மனிதர், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "மெஷினப் பாத்துட்டு கெளம்பறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து, பிரிந்துவிட்ட மூடிகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். மைக் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. பெட்டிச் சந்தில் நாலு தடவை போய் வந்தார். மச்சினனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அவரெதிரே நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீரைத் தானே குடித்துவிட்டு டம்ளரோடு திரும்பிப் போனார்.

மெஷின் தம்பி தலையைச் சாய்த்து மெஷினைப் பார்த்தார். "அக்கா, ஊசியப் பிடிக்கிற திருகு எங்க?"

"விழுந்திருக்கும்."

"அது தானா விழற திருகு இல்ல."

"எனக்கென்னடா தெரியும், நான் என்ன மெக்கானிக்கா?" என்றார் அக்கா. நான் பசை தடவுவதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினேன். தம்பி பையைத் துழாவி வேறொரு திருகை எடுத்தார். அதைப் போட்டு முடுக்க எத்தனை நேரமாகும்? முடுக்கிவிட்டால் எழுந்து போய்விடுவார். மைக் அண்ணனும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். பிளேயரைத் திறந்து ஏழாவது சிடியைப் போட்டார்.

முதலில் ஸ்பிரிங். அதற்கடியில் மெதுவாக 'ம்ம்ம்'.

ஸ்க்ரூடிரைவர் நின்றது. மெஷின் தம்பி தலையைத் தூக்கவில்லை. "ஹம் வருது பாருங்க. கோளாறா இருக்கப்போவுது. கொறைங்க" என்றார் திருகிடம்.

அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மேசைமேலிருந்த மைக் அண்ணனின் விரல் இறங்கத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். இரைச்சல் ஏறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுக்கிய பெட்டிகளின் மூடிகள் ஒன்றோடொன்று உரசின. என் கையிலிருந்த தூரிகையின் காம்பிலும் அது தெரிந்தது. மைக் அண்ணன் ஸ்பீக்கரை வைத்த அளவுக்கு மேல் ஒரு துளி ஏற்றவில்லை, ஆனால் பதிவில் அந்த மோட்டார் ஏறிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் திறந்தது. மூன்று தட்டு. "சார்! என்ன சார் எரியுது? மோட்டாரா?"

மைக் அண்ணன் எழுந்தார். பிளேயர் பக்கம் நடந்தார். போச்சு, இப்போது குறைத்துவிடுவார் என்று நினைத்தேன். மெஷின் தம்பியும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது, ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுவிட்டார். ஆனால் மைக் அண்ணன் பிளேயரைத் தாண்டி, பெட்டிச் சந்தில் ஒருக்களித்து நுழைந்து, வாசலுக்குப் போய்க் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். மறுபடி மூன்று தட்டு. "சார், காது கேக்குதா?" ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தோள் குலுங்கியது. நகரவில்லை. அவர் முழங்கால் ஆடாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தட்டல் ஓயவில்லை, இரைச்சலும் ஓயவில்லை. எல்லாமாகச் சேர்ந்து, ஒரு கட்டத்தில் அந்த வீடே அப்படித்தான் எப்போதும் இருந்தது போல ஆகிவிட்டது.

நின்றது.

ஒரே வெட்டு. வெளியே தட்டிக்கொண்டிருந்த கையும் அந்தரத்தில் நின்றிருக்க வேண்டும், தட்டல் வரவில்லை. சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்கள். அந்த அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மெஷின் தம்பி இரண்டு கையையும் அக்காவின் மெஷின்மேல் பரப்பி வைத்துக்கொண்டு, அன்று அரங்கத்துக்கு அவர் கொண்டுவந்து கொடுத்து யாருக்கும் போய்ச்சேராத அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து மைக் அண்ணனைப் பார்த்தார். "கதவத் தொறங்க அத்தான்" என்றார். "முடிஞ்சிருச்சு."

மைக் அண்ணன் தலையை ஆட்டினார், இல்லை, இன்னும் முடியவில்லை என்று. முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையை உருவி எடுத்தார். ஆட்காட்டி விரலை மேலே கொண்டுவந்து, தன் உதட்டின்மேல் வைத்துக்கொண்டார்.